மாட்டுத் தவிட்டில் என்ன இருக்கிறது?

மன்னார்குடியோ, பாபநாசமோ, ஒரு ரைஸ் மில்லுக்குள் போய்ப் பாருங்கள். 100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமி. 5 முதல் 8 கிலோ தவிடு. மிச்சம் அரிசியும் நொய்யும். அரிசி நமக்கு, தவிடு மாட்டுக்கு. அந்தத் தவிட்டில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தால் லேசாகப் பிசுபிசுக்கும். எண்ணெய்! தவிட்டின் எடையில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய்தான்.

இந்த எண்ணெய் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்கிறது என்று மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. எப்படி?

கொலஸ்ட்ரால் இல்லாமல் நம்மால் வாழ முடியாது. செல்களின் சவ்வுக்கு அது வேண்டும். கல்லீரலே அதைத் தயாரிக்கிறது. அளவு மிஞ்சினால்தான் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து வம்பு செய்யும். செடிகளில் இதற்கு ஒரு பங்காளி உண்டு: தாவர ஸ்டீரால். பார்க்க ஏறக்குறைய கொலஸ்ட்ரால் மாதிரியே இருக்கும். குடலிலிருந்து உடம்புக்குள் போகும் வழி, காலை எட்டரை மணி கும்பகோணம் டவுன் பஸ் மாதிரி. தாவர ஸ்டீரால் முண்டியடித்து இடம் பிடித்துவிட்டால், கொலஸ்ட்ரால் ஏற முடியாமல் வெளியே போய்விடும். தவிட்டு எண்ணெயில் இந்தத் தாவர ஸ்டீராலோடு ஓரிசனால் என்ற பொருளும் உண்டு. 1950-களில் ஜப்பானியர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

அதற்காகத் தவிட்டை அள்ளி வாயில் போட்டுவிடாதீர்கள்! பச்சரிசித் தவிடு அரைத்த சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். அதிலுள்ள லிப்பேஸ் என்ற நொதி எண்ணெயை உடைத்துக் காறல் வாடை வரச் செய்கிறது. உடனே சூடு காட்டினால் நொதி அடங்கும். நெல்லை அவித்துக் காயவைக்கும் நம்மூர்ப் புழுங்கல் முறையில் அந்த வேலை மில்லுக்குப் போகும் முன்பே முடிந்துவிடுகிறது. ஈர நெல்லைக் கெடாமல் பாதுகாக்கும் வழியை ஆராய 1967-இல் திருவாரூரில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். இன்று தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்னொரு வழியை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ஸ்பூன் வெந்தயத்தை ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் வழவழவென்று கொழகொழப்பாக இருக்கும். அது கரையும் நார்ச்சத்து. குடலுக்குள் பித்த உப்புகளைப் பிடித்து வெளியே இழுத்துப் போகும். கல்லீரல் புதிதாகப் பித்தம் செய்ய ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ஆனால் வெந்தயம் சாப்பிடுகிறோமே என்று தாத்தா கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அந்த மாத்திரைக்கும் அரிசிக்கும் உறவு உண்டு தெரியுமா? 1970-களில் அகிரா எண்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்தார். அவற்றில் ஒன்று கொலஸ்ட்ரால் தயாரிப்பை நன்றாகத் தடுத்தது. ஸ்டாட்டின் மருந்துகளுக்கெல்லாம் வழிகாட்டிய அந்தப் பூஞ்சை, கியோட்டோ நகரில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்தது.