அடி நின்ற பிறகும் அதிரும் மனம்

அடித்த கணவனை விட்டு அவள் தாய்வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். ஆனாலும் தெருவில் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பாத்திரம் நழுவுகிறது. நடுராத்திரியில் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறாள். “அதான் வந்துட்டியே, இன்னும் எதுக்கு அழுற?” என்கிறார்கள் வீட்டில். அவளுக்குச் சொல்லத் தெரிவதில்லை.

எந்த நேரத்தில் அடி விழுமோ என்று வருடக்கணக்கில் விறைத்திருந்த உடம்பு அது. ஆபத்து விலகியதை அது உடனே நம்பிவிடாது. தூக்கமின்மை, படபடப்பு, திடுக்கிடல், ‘தப்பு என் மேலதானோ’ என்ற குடைச்சல் எல்லாம் அந்த வருடங்கள் விட்டுச்சென்ற மனக்காயத்தின் அறிகுறிகள். பைத்தியமும் இல்லை, பலவீனமும் இல்லை. தலைவலி, வயிற்றெரிச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடக்கும் பெண்களில் பலர் வீட்டில் நடப்பதை டாக்டரிடம் சொல்வதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள். சிகிச்சையின் திசையே மாறும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய நூலில், இந்தக் காயம் ஆற முதலில் வேண்டியது பாதுகாப்பு என்கிறார். துக்கத்தைப் பேசி ஆற்றுவதும், மனிதர்களோடு மீண்டும் ஒட்டுவதும் அதன் பிறகுதான். அடிப்பவன் பக்கத்து அறையில் இருக்கும்போது எந்த ஆலோசனையும் மனதில் ஏறாது.

அந்தப் பாதுகாப்புக்குச் சட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. மனைவி மட்டுமல்ல, தாய், சகோதரி, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண்ணும் இதை நாடலாம். அடி விழுந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை; இழிவுப் பேச்சும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும் வன்முறையே. விவாகரத்து வழக்கு போட வேண்டியதில்லை. இப்போது தங்கியிருக்கும் ஊரிலுள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவ வேண்டும். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பலருக்குத் தெரியாத பிரிவு 22: மனச் சித்திரவதைக்கும் மன வேதனைக்கும் இழப்பீடு கேட்கலாம். சிகிச்சைக்குப் போனால் சீட்டு, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்குச் சட்ட உதவி இலவசம்.

ஒன்றில் கவனம் தேவை. கவுன்சலிங் என்று உட்காரவைத்து, “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று திருப்பி அனுப்பும் வழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. இந்தச் சட்டத்தின் 2006-ம் ஆண்டு விதிகள் அதற்கு இடம் தரவில்லை. ஆலோசனையின்போது, அடித்ததற்கு நியாயம் சொல்ல அடித்தவனை அனுமதிக்கக் கூடாது. சமரசப் பேச்சு, பெண் விரும்பினால் மட்டுமே. இதை அங்கேயே எடுத்துச் சொல்லுங்கள்.

வெளியேறும் நாட்களில்தான் ஆபத்து அதிகம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்களை முன்கூட்டியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பெண்கள் உதவி எண் 181. மனம் தாங்காத இரவில் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்தால் தமிழில் பேசலாம். இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

நீங்கள் அவளுடைய அம்மாவோ அண்ணனோ என்றால், “ஏன் இத்தனை நாள் சொல்லல?” என்று கேட்காதீர்கள். “இங்கேயே இரு” என்று சொல்லுங்கள்.