பேட்டரி கசிந்தால் கருவி பாழா?

தேர்வு மையத்தின் வாசலில் காவலர் ஒருவர் சிறு மட்டை போன்ற கருவியை உங்கள் சட்டைப் பையருகே கொண்டுவந்திருப்பார். இடுப்பு வாரின் கொக்கியை அது நெருங்கியதும் 'பீப்' என்று ஒலித்திருக்கும். அதுதான் மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகம் காட்டும் கருவி. தருமபுரியில் ஆனாலும் தில்லியில் ஆனாலும் பல இடங்களில் இதற்கு ஆண்டில் சில நாள்களே வேலை. மற்ற நாள்களில் அலமாரியில் உறக்கம்.

இந்த உறக்கம்தான் அதற்கு ஆபத்து. மறுபடி வெளியே எடுத்துப் பொத்தானை அழுத்தினால் ஓசையே இல்லை. பின்மூடியைத் திறந்தால் செல்களைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது! கருவி போயிற்று என்று குப்பையில் போட்டுவிடலாமா? வேண்டாம், மாணவ நண்பர்களே. நடந்திருப்பது ஒரு வேதிவினை. நீங்கள் வகுப்பில் படிக்கும் வேதியியலே பெரும்பாலும் அதற்கு மருந்து.

உலோகத்தை எப்படி அறிகிறது?

கருவியின் தலைப்பகுதியில் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறுதிசை மின்னோட்டம் பாய்வதால் சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. அருகில் உலோகம் வந்தால் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கிச் சுருளின் நிலையைச் சிறிதே மாற்றுகின்றன. அந்த நுண்ணிய மாற்றத்தைப் பெருக்கினால் 'பீப்' ஒலி பிறக்கிறது.

இது புதிய எண்ணம் அன்று. 1881ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைச் செய்து பார்த்தார். முயற்சி பலிக்கவில்லை. படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பியது அதற்கு ஒரு காரணம் என்பர்.

இவ்வளவு நுட்பமான கருவிக்குச் சீரான மின்னழுத்தம் வேண்டும். நான்கு செல்கள் தரும் 6 வோல்ட்டில் ஒரு கருவி இயங்குகிறது என்று கொள்வோம். அது 0.1 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கிறது. செல்லைத் தொடும் தகட்டில் படிந்த கறை 10 ஓம் தடையைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஓம் விதிப்படி 0.1 × 10 = 1 வோல்ட் அங்கேயே வீணாகும். செல்கள் புதியவையாக இருந்தும், கருவி 'பழைய செல்' என்று எண்ணி நின்றுவிடலாம்.

வெள்ளைப் பொடி எங்கிருந்து வந்தது?

ஆல்கலைன் செல்லுக்குள் துத்தநாகத் தூளும், மாங்கனீசு டை ஆக்ஸைடும், பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்னும் வலிய காரமும் உள்ளன. செல் சும்மா இருக்கும்போதும் துத்தநாகம் மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுகிறது. செல் தீர்ந்த பிறகும் கருவிக்குள்ளேயே கிடந்தால் வாயு கூடும். உள்ளழுத்தம் மிகுந்ததும் அடைப்பு வழிவிட, காரக் கரைசல் வெளியே கசியும். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடுடன் சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆகிறது. அதுவே நீங்கள் காணும் வெள்ளைப் பொடி.

விலை குறைந்த துத்தநாக-கார்பன் செல்லின் கதை வேறு. அதில் துத்தநாகக் கூடே எதிர்மின்வாய். மின்சாரம் தரத்தர அந்தக் கூடு கரைந்து மெலிந்து ஓட்டையாகிறது. கசிவது சற்றே அமிலத் தன்மையுள்ள உப்புக் கரைசல்.

சுத்தம் செய்யும் முறை

முதலில் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். காரம் கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்லவேண்டும். செல்களை வெளியே எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போடுங்கள். நெருப்பில் மட்டும் போடாதீர்கள்.

அடுத்து, கசிந்தது எது என்று பாருங்கள். பொடியை ஒரு சொட்டு நீரில் நனைத்து லிட்மஸ் தாளால் தொடுங்கள். சிவப்புத் தாள் நீலமானால் காரம். பஞ்சுக்குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தோய்த்துத் தடவுங்கள். நுரை எழும், அது கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுவதன் அடையாளம். நுரை நின்றால் பொடி நடுநிலையாகிவிட்டது. மாறாக நீலத் தாள் சிவந்தால், சமையல் சோடா கரைத்த நீரைப் பயன்படுத்துங்கள்.

பிறகு ஈரப் பஞ்சால் பலமுறை துடையுங்கள். பொட்டாசியம் கார்பனேட் காற்றின் ஈரத்தை இழுக்கும் பொருள். துளி மிஞ்சினாலும் அரிப்பு தொடரும். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்கு உலர விடுங்கள். தகட்டிலும் ஸ்பிரிங்கிலும் கறை எஞ்சினால் நைசான உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள்.

மறைந்திருக்கும் சேதம்

புதுச் செல் போட்டும் ஒலி வரவில்லையா? காரக் கரைசல் எதிர்முனைக் கம்பியைப் பற்றிக்கொண்டு பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஊர்ந்து செல்லும். வெளியே கம்பி புத்தம்புதியது போல் இருக்கும். நுனியில் உறையைச் சிறிது சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். கறுத்த செம்பில் ஈயப்பற்று ஒட்டாது. அந்தக் கம்பியையே மாற்றிவிடுவது நல்லது.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, செல் தொடும் தகட்டிலிருந்து மின்சுற்றுப் பலகை வரை அளந்து பாருங்கள். தடை ஏறக்குறைய சுழியமாக இருக்கவேண்டும். பலகையில் செம்புக் கோடு பச்சை பூத்து அறுந்திருந்தால், ரேடியோ பழுது பார்ப்பவர் மெல்லிய கம்பி ஒன்றால் அதற்குப் பாலம் போட்டுத் தருவார்.

வருமுன் காப்போம்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். தகடூரை ஆண்ட அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தி புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பட்டு மாளிகையில் பத்திரமாக இருந்தன. அதியமானுடையவை போரில் நுனி முறிந்து கொல்லன் களத்தில் கிடந்தன. அந்த இகழ்ச்சியின் நயத்தைத் தமிழாசிரியர் விளக்கியிருப்பார். அறிவியல் மாணவருக்கும் அதில் இரு செய்திகள் உண்டு. சும்மா இருக்கும் உலோகத்துக்குக் காப்புப் பூச்சு தேவை. உழைக்கும் கருவிக்குப் பழுது வரும். அதைச் சரிசெய்யும் கை தேவை.

ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தாத கருவியிலிருந்து செல்களை எடுத்துவிடுங்கள். பழைய செல்லோடு புதிய செல்லைச் சேர்க்காதீர்கள். வலுவிழந்த செல்லின் வழியே மற்றவை மின்னோட்டத்தைச் செலுத்தி, அதைக் கசிய வைக்கும். சுத்தம் செய்த தகட்டில் வாசலினை மிக மெல்லியதாகத் தடவலாம்.

இன்றே வீட்டில் தேடுங்கள். டார்ச், சுவர்க் கடிகாரம், ரிமோட், தாத்தாவின் ரேடியோ என எத்தனை மூடிகளைத் திறந்தீர்கள், எத்தனையில் வெள்ளைப் பொடி இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த வகைச் செல் அதிகம் கசிந்திருக்கிறது? வகுப்பு நண்பர்களின் கணக்கையும் சேர்த்தால், உங்களுக்கென ஒரு நல்ல ஆய்வு தயார்!