பெரியதாழைக்கு எதிர்க்கரை

பெரியதாழைக் கடற்கரையில் வலை காயும் மணலில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "மக்கா, இங்கேயிருந்து நேர் தெற்கே போய்க்கிட்டே இருந்தா எந்த ஊரு வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவன் இலங்கை என்பான். கொஞ்சம் பெரியவன் மாலத்தீவு என்பான். கன்னியாகுமரி என்று சொல்லவும் ஒருத்தி இருப்பாள். மூன்றும் தப்பு. இலங்கை கிழக்கே கிடக்கிறது, மாலத்தீவு தென்மேற்கே, குமரிமுனை மேற்கே ஒதுங்கிவிட்டது.

பெரியதாழை ஏறக்குறைய 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தெற்கே போனால் பூமத்திய ரேகையைத் தாண்டி, மகர ரேகையைத் தாண்டி, எங்கும் ஒரு பிடி மண் கிடையாது. 38 டிகிரி தெற்கை நெருங்கும்போது பிரான்சுக்குச் சொந்தமான ஆம்ஸ்டர்டாம் என்னும் சின்னஞ்சிறு எரிமலைத் தீவு வலக்கைப் பக்கம் முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கும். அவ்வளவுதான். பிறகு கால் படும் முதல் கரை அண்டார்டிகா. தூரம் சுமார் 8,500 கிலோமீட்டர்.

பெரியதாழைக்கு எதிர்க்கரை அண்டார்டிகா! பாடத்தை இங்கே தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா இரண்டுக்கும் பிறகுதான் அது வருகிறது. உலக வரைபடத்திலும் கடைசி இடம்தான்: காகிதத்தின் அடியில், கசங்கிய வேட்டிக்கரை மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. பரப்பு இத்தனை, குளிர் இத்தனை, பெங்குயின் உண்டு, பனிக்கரடி கிடையாது. மனப்பாடம், தேர்வு, மறதி. நானும் அப்படித்தான் படித்தேன். அது ஒரு தரை, அதற்குக் கீழே மலையும் பள்ளத்தாக்கும் இருக்கின்றன என்பது உறைத்தது வெகுகாலம் கழித்துத்தான்.

வரைபடத்தை மடித்து வைத்துவிடலாம். தேரிக்காட்டையும் பனையையும் முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டிருக்கிற ஊரில் ஒரு பனங்காய்க்கா பஞ்சம்? காம்புப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மூடி கீழே வருமாறு காயைப் பிடியுங்கள். கருத்த உடம்பெல்லாம் கடல். அடியில் கவிந்திருக்கும் மூடி அண்டார்டிகா. காயின் நடுவயிற்றுக்குச் சற்று மேலே சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தால் அது பெரியதாழை. புள்ளியிலிருந்து மூடிவரை நேராக ஒரு கோடு. வரைபடத்தில் பட்டையாகக் கிடந்தது இப்போது வட்டமாகிவிட்டது. அதன் நடுவில் தென்துருவம். நிஜத்தில் அந்த மூடியின் பரப்பு சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர், இந்தியாவைப் போல நான்கு மடங்குக்கு மேல். அதன்மேல் சராசரியாக ஏறத்தாழ 2 கிலோமீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி. குளிர்காலத்தில் சுற்றியுள்ள கடலும் உறைந்து, வெள்ளைப் பரப்பு இரண்டு மடங்காகிவிடும். ஆண்டுக்கொருமுறை இப்படி ஊதிச் சுருங்குகிற கண்டம் வேறு எதுவும் இல்லை.

எதிர்க்கரை என்றால் அங்கிருந்து இங்கே ஏதாவது வந்து சேர வேண்டுமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். வருகிறது, அலை.

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் காற்றைத் தடுக்க மலையோ நிலமோ கிடையாது. மேற்கிலிருந்து கிழக்காக அது உலகத்தையே சுற்றிச்சுற்றி அடிக்கும். அங்கே புயல் உருவானால் பத்து மீட்டர் உயர அலை எழுவது அபூர்வமில்லை. புயல் அங்கேயே ஓய்ந்துவிடும், அலை ஓயாது. காற்றின் கையை விட்ட பிறகும் அது பெருங்கடலைக் குறுக்கே கடந்து வடக்கே வந்துகொண்டிருக்கும். வரும் வழியில் குட்டை அலைகள் தேய்ந்துபோக, நீண்ட அலைகள் மட்டும் மிஞ்சும். நடுக்கடலில் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். மேல் தண்ணீர் வழவழப்பாகவே இருக்கும். கரை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் நிமிர்ந்து எழும்.

இப்படி வருவதைக் கேரளத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். காற்றும் மழையும் இல்லாமல், வானம் வெளுத்திருக்கும்போது திருடனைப் போல ஊருக்குள் புகுவதால் அந்தப் பெயர். 2012இல் யுனெஸ்கோ இந்தச் சொல்லை ஏற்றது. நம் பக்கமும் இது புதிதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் பெருங்கடல் தகவல் மையம் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளுக்கு எச்சரிக்கை விடுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2024 மே முதல் வாரத்தில் அப்படி ஓர் எச்சரிக்கை இருந்தது. அந்த நாட்களில்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். வானத்தைப் பார்த்துக் கடலை முடிவுசெய்யக்கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே எட்டும். மணலில் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு, தூண்டில் வளைவின் கல்லில் அலை மோதுவதை எண்ணச் சொல்லுங்கள். முதல் அடியிலிருந்து பதினோராவது அடிவரை எத்தனை விநாடி? அதைப் பத்தால் வகுத்தால் இரண்டு அலைகளுக்கு நடுவே உள்ள நேரம் கிடைக்கும். ஐந்தாறு விநாடி என்றால் அது பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. பதினெட்டு விநாடி என்றால்? ஆழ்கடலில் அலைக்கூட்டம் பயணம் செய்யும் வேகத்தை அறிய, அந்த விநாடிகளை 2.8ஆல் பெருக்கினால் போதும். 18ஐப் பெருக்க, மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், திருச்செந்தூர் பேருந்தின் வேகம். 6,000 கிலோமீட்டர் தள்ளிப் புயல் அடித்திருந்தால் அது புறப்பட்டு ஐந்து நாள் ஆகிறது.

பேருந்து உதாரணத்தை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். அதே புயலிலிருந்து கிளம்பிய 14 விநாடி அலைக்கு வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர்தான். ஆகவே அது ஒன்றரை நாள் பிந்தி வரும். முதலில் நீண்ட அலை, பிறகு கொஞ்சம் குட்டை, பிறகு இன்னும் குட்டை. முதலில் வந்ததும் பிந்தி வந்ததும் எவ்வளவு இடைவெளியில் வந்தன என்று குறித்துவைத்தால், புயல் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் அடித்தது என்பதைக் கரையில் உட்கார்ந்தபடியே கணக்கிட்டுவிடலாம். வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடலியலாளர் பசிபிக் பெருங்கடலில் செய்தது இதைத்தான். 1963இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவைக் கருவிகளை வைத்து, தென்பெருங்கடலில் பிறந்த அலைகள் 10,000 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து அலாஸ்காக் கரையில் விழுவதை அவரது குழு தொடர்ந்து பார்த்தது. மங்கிடம் கருவிகள் இருந்தன. பெரியதாழைப் பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரமும் பொறுமையும் போதும்.

அலை மட்டுமில்லை. வில்சன் புயற்பறவை என்று சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய கரும்பழுப்புப் பறவை ஒன்று உண்டு. அண்டார்டிகாக் கரைப் பாறையிடுக்குகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர்காலம் வந்ததும் நம் கடல்வரை பறந்துவருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீரின்மேல் கால்கள் தத்தித்தத்திப் படுவது போலப் பறக்கும். நம் கடலின் அடியாழத்தில் கிடக்கும் சில்லிட்ட தண்ணீரும் அண்டார்டிகா விளிம்பில் உறைபனிக்கடியில் கனத்து மூழ்கி ஊர்ந்து வந்ததுதான்.

இனி கல். கண்டம் என்றால் துண்டு. உப்புக்கண்டம் என்கிறோமே, அதே கண்டம்தான். பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக் கொடுக்கலாம்: பெரியதாழையும் அதன் எதிர்க்கரையும் ஒரே நிலத்திலிருந்து வெட்டுப்பட்ட இரண்டு துண்டுகள். அந்தப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். நடு இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியை வைத்து நிலவியலாளர்கள் இட்ட பெயர். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் துண்டு அண்டார்டிகாவிலிருந்து கழன்று வடக்கே நகர ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல், அதாவது முக்கால் சாண் வேகத்தில் வந்து ஆசியாவின்மேல் மோதியது. இமயமலை அந்த மோதலின் மடிப்பு. இப்போதும் ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

சாட்சி வேண்டுமென்றால் ஒரு பிடி மணலை அள்ளி வெயிலில் பாருங்கள். கறுப்பாக மினுங்குவது இல்மனைட்; செந்நிறமாக மினுங்குவது கார்னெட். தாதுமணல் என்றாலே நமக்கு வழக்கும் தடையும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பேச்சு வேறொரு நாளைக்கு. கார்னெட் மணிகள் இந்தக் கரையில் பிறந்தவை அல்ல. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டில் பாறை வெந்தபோது விளைந்தவை. கோண்டுவானாவின் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிய காலத்தில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, தென்கோடி இந்தியப் பாறைகள் அப்படி வெந்தன. மலை தேய்ந்து, ஆறு உருட்டி, அலை சலித்து இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறது. எதிர்க்கரையில் லார்ஸ்மன் குன்றுகள் என்ற இடத்தில் பனி விலகிய பாறைகளிலும் இதே கார்னெட் இருக்கிறது, அதே காலத்துச் சூட்டின் தழும்போடு.

இந்த இடத்தில் ஒரு பேச்சு கட்டாயம் குறுக்கிடும். "தெக்கே குமரிக்கண்டம் முங்கிக் கிடக்காமே சார்?" அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கக்கூடாது, நழுவவும் கூடாது. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், லெமூர் இனங்கள் மடகாஸ்கரிலும் அவற்றின் உறவுகள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க, நடுவில் லெமூரியா என்று ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்று 1912இல் வெகனர் சொன்னதும், 1960களில் அதற்குச் சான்றுகள் குவிந்ததும் அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போனது. கடல் நிலத்தை விழுங்கியதும் உண்மைதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் கீழே இருந்தது. பெரியதாழைக்கு முன்னால் ஆழம் குறைந்த கடலடி அப்போது நடமாடும் தரை, இலங்கைக்குக் கால்நடையாகப் போகலாம். அது கரையோர நிலம், கண்டம் இல்லை. தெற்கே போன கண்டம் மூழ்கவில்லை, பிரிந்து போய்ப் பனி மூடிக் கிடக்கிறது.

அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். காசிம் என்ற கடலியலாளர் தலைமையில் கோவாவிலிருந்து கப்பலேறிய முதல் இந்தியக் குழு 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் இறங்கியது. 1983இல் இந்தியா அண்டார்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தின்படி அங்கே போர்ப்பயிற்சி கூடாது, அணுகுண்டுச் சோதனை கூடாது. ஆராய்ச்சி யாருக்கும் உண்டு. தட்சிண கங்கோத்ரி, மைத்ரி ஆகிய நிலையங்களுக்குப் பிறகு 2012இல் பாரதி நிலையம் வந்தது. அது நிற்பது எங்கே தெரியுமா? மேலே சொன்ன லார்ஸ்மன் குன்றுகளில்தான், 76 டிகிரி கிழக்கில். அதிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளி ஆஸ்திரேலியாவின் டேவிஸ் நிலையம். அது அச்சாகப் பெரியதாழையின் தீர்க்கரேகையில்.

அரையாண்டுத் தேர்வுச் சமயத்தில் டிசம்பர் 21 வரும். அன்று ஒரு மீட்டர் கம்பை மணலில் செங்குத்தாக நட்டு, உச்சிவேளையில் நிழலை அளக்கச் சொல்லுங்கள். நிழல் வடக்கே விழும். நீளம் 62 சென்டிமீட்டர் அளவு இருக்கும். சூரியனைப் பார்த்தபடி நிற்கும் பிள்ளை தெற்கே திரும்பி நிற்பான். அதே நேரத்தில் டேவிஸ் நிலையத்தில் ஒருவர் சூரியனைப் பார்த்து நின்றால் வடக்கே திரும்பி நிற்பார். நடுவில் கடலை வைத்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே முகம் பார்த்து நிற்கிறார்கள். அவருடைய கம்பின் நிழல் தெற்கே, ஏறத்தாழ கம்பின் நீளத்துக்கு விழும். அன்று அங்கே சூரியன் மறையாது. பெரியதாழையில் அன்றைய உச்சிவேளை பகல் 12.16 வாக்கில், டேவிஸிலும் அதே நொடியில், பாரதியில் ஏழு நிமிடம் கழித்து.