மரக்காணத்துக் கல் உப்பும் கொரிய மாட்டுக்கறியும்

கொரிய நாடகங்களில் கறி சுடாத வாரம் உண்டா? மேசை நடுவில் அடுப்பு, சொய்யென்று சுருங்கும் மாட்டுக்கறி, அதைக் கத்திரியால் நறுக்கி இலையில் மடித்து ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் நாயகி! கேமரா அதற்கு முந்தைய வேலையைக் காட்டுவதே இல்லை. அதைப் பார்க்க சியோல் போக வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து மரக்காணத்துக்கு வாருங்கள்.

முதலில் உப்பு. கறி நன்றாக இருந்தால் கொரியர்கள் அதை ஊறவைப்பதே இல்லை. கல் உப்புத் தூவிச் சுட்டு, எள்ளெண்ணெயில் தொட்டுச் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு உப்பு விளைவது தென்மேற்கே சினான் தீவுகளில். அங்கே ஜுங்டோவில் கொரியப் போர் அகதிகளுக்கு வாழ்வு கொடுக்க 1953-இல் அமைத்த உப்பளம் இன்றும் நடக்கிறது. வெயில், காற்று, பாத்தி, நீண்ட கைப்பிடிப் பலகை என எல்லாமே மரக்காணத்தில் இருப்பவைதான்!

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். பாத்தித் தண்ணீர் ஏறக்குறைய 25 டிகிரி போமே அடர்த்திக்கு வந்ததும் உப்பு பூக்கிறது. 29-ஐத் தாண்ட விட்டால் மக்னீசியம் சேர்ந்து கசப்பு தட்டும். அதற்குள் வாரிக் குவித்துவிட்டு மிச்ச நீரைத் திறந்துவிட வேண்டும். கொரியர்கள் இன்னும் ஒரு படி போய், உப்பு மூட்டையை வருடக்கணக்கில் அடுக்கிவைத்துக் கசப்பு நீரை வடியவிடுகிறார்கள். வீட்டில் நமக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம். கடைக் கல் உப்பை இரும்புச் சட்டியில் படபடக்க வறுத்து, ஒன்றிரண்டாக இடித்தால் போதும்.

இந்தக் கரைக்குச் சுட்ட கறி புதிதா என்ன? சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசில் வாங்கப் போகும் பாணருக்கு அங்கே சுட்ட குழல்மீன் கிடைக்கிறது. அடுத்து வேலூர் வந்தால் வேடர்களான எயினர் வீட்டுப் புளிச்சோறும் சுட்ட ஆமான் கறியும்! ஆமான் என்றால் காட்டு மாடு. படித்ததும் எழுந்து குதிக்கத் தோன்றியது எனக்கு.

சரி, கறிக்கடை. “ஸ்டியூவுக்கா, வறுவலுக்கா?” என்று கத்தியைத் தூக்குவார் பாய். “வெட்டாதீங்க பாய், அண்டர்கட் முழுசா அரைக் கிலோ குடுங்க” என்று சொல்லிவிடுங்கள். கொரியர்கள் விரும்பும் வரிவரியான கொழுப்பு நம் ஊர் மாட்டில் இல்லை. அதனால் முழு ரகசியமும் சீவுவதில்தான். கறியை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஃப்ரீசரில் வையுங்கள். மேற்புறம் இறுகி, நடுவில் கத்தி இறங்குகிற பதத்தில் எடுத்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் சீவுங்கள். தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் செந்நிறமாக ஊடுருவும். அந்தத் துண்டுதான் நட்சத்திரம்!

இடித்த உப்பைத் தூவி அப்படியே சுடலாம். ஊறவைத்துச் செய்யும் புல்கோகிக்கு என்றால் நான்கு மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, எட்டுப் பல் பூண்டு, மிளகு, வெங்காயத்தாள். கொரியர்கள் பேரிக்காயைத் துருவிப் போடுவார்கள், இனிப்புக்கும் கறி மெத்தென்று ஆவதற்கும். கொடைக்கானல் பேரிக்காய் கிடைத்தால் பாதி துருவிச் சேருங்கள். கிடைக்காவிட்டால் பச்சைப் பப்பாளி விழுது ஒரே ஒரு தேக்கரண்டி. அதில் இருக்கும் பப்பாயின் பொல்லாதது. அரை மணிக்கு மேல் விட்டால் கறி கூழாகிவிடும். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, அவர்களுடையது எள்ளை வறுத்துப் பிழிந்தது. இந்த வித்தியாசம்தான் வாசனையையே மாற்றுகிறது. கவலை வேண்டாம், ஒரு கைப்பிடி எள்ளைச் சிவக்க வறுத்து இடித்து, நல்லெண்ணெயோடு கலந்துவிடுங்கள். சோயா சாஸும் கோச்சுஜாங் மிளகாய் விழுதும் சென்னையின் கொரியக் கடைகளில் கிடைக்கும். 1996-இல் ஹூண்டாய் வந்து இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டியதிலிருந்து கொரியக் குடும்பங்களும் அவர்கள் சமையலும் இந்தப் பக்கம் ஊன்றிவிட்டன.

தீக்கு சீமைக் கருவேலங் கரி. நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று நாம் திட்டும் அதே மரம்தான், ஆனால் அதன் கரி நின்று எரியும். மொட்டை மாடியில் மூட்டுங்கள். கடற்காற்று வீசும் பக்கம் ஒரு தகரத்தைச் சாய்த்து வைக்காவிட்டால் சாம்பல் முழுக்கக் கறியில்தான். கங்கு வெளுத்ததும் கம்பி வலையைப் போட்டு, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம்கூட வேண்டாம்! சர்க்கரை கருகத் தொடங்கும் அந்த ஓரத்தில்தான் மணமெல்லாம்.

மடித்துச் சாப்பிட லெட்டூஸ் இருந்தால் சரி. இல்லாவிட்டால் இளம் வெற்றிலை. கொரியர்களின் பெரில்லா இலைக்கு உள்ள காரமான வாசம் அதிலும் கொஞ்சம் இருக்கிறது. உள்ளே ஒரு கறித் துண்டு, சுட்ட பூண்டு, ஒரு பொட்டு கோச்சுஜாங். கடிக்காமல் முழுதாக வாயில் போடுங்கள்.

கறி தீர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடாதீர்கள்! கங்கின் மேல் இரும்புத் தோசைக்கல்லைப் போட்டு, ஊறிய மசாலாவின் மிச்சத்தை அதில் கொட்டிக் கொதிக்கவிட்டு, ஆறிய சோற்றைப் பரப்பி அழுத்துங்கள். அடியில் முறுகிய பொறுக்குக்கு வீட்டில் அடிதடியே நடக்கும்.