அவித்த நெல்லின் அந்தரங்கம்

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் கடைக்கு வரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் புழுங்கல் அரிசியையே கேட்டு வாங்குகிறார்கள் என்றும், உள்ளூர்க் குடும்பங்கள் பலவும் தாய்லாந்து வெள்ளை அரிசிக்கு மாறி வெகுகாலம் ஆகிவிட்டது என்றும் சொல்லி, “புழுங்கலில்தான் சத்து” என்று தம் தாயார் சொல்லிவந்ததில் உண்மை உண்டா, அல்லது அது பழக்கத்தின் மேலுள்ள அபிமானம்தானா என்று கேட்கிறார். உண்மை உண்டு. அதன் எல்லை குறுகியது. ஆயினும் நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தீவிலும் மலாயாவிலும் உழைத்த ஏழைகளில் யார் நடமாடினார்கள், யார் படுக்கையில் வீழ்ந்தார்கள் என்பதை அந்தக் குறுகிய உண்மையும் ஓரளவு நிர்ணயித்தது.

வைட்டமின் பி1 என்று நாம் படித்த தயமின் என்னும் ஜீவசத்து, நெல்மணியின் முளைக்கருவை ஒட்டியும் தவிட்டுத் தோலிலுமே பெரும்பாலும் தங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளை மாவுப் பகுதியில் அது மிக அற்பம். ஆகவே பச்சை நெல்லை ஆலையில் கொடுத்துப் பளபளவென்று தீட்டினால், சத்து தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது. நம் ஊர்ப் பெண்கள் என்ன செய்தார்கள்? நெல்லை உமியோடு ஊறப்போட்டு, ஆவி பறக்க அவித்து, களத்தில் பரப்பிக் காலால் கிளறி உலர்த்தி, அதற்குப் பிறகே குத்தினார்கள். ஊறும்போது, நீரில் எளிதில் கரையும் தயமின் கரைந்து, உள்ளே ஊடுருவும் ஈரத்தோடு தானும் மாவுப் பகுதிக்குள் இறங்குகிறது. அவிக்கும்போது மாவு பசையாக இளகி, மணியின் நுண்ணிய வெடிப்புகளையெல்லாம் அடைத்துக்கொள்கிறது. உலரும்போது அந்தப் பசை கெட்டிப்பட்டு, உள்ளே வந்த சத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது.

தயமினைக் கிராமத்து வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் விருந்தாளிகளாக எண்ணிப் பாருங்கள். மழை வருகிறது, அவர்கள் எழுந்து வீட்டுக்குள் போகிறார்கள். உள்ளே கூடத்தில் உலை கொதித்து ஆவி நிறைந்ததும் மரக்கதவு உப்பி நிலையோடு இறுகிக்கொள்கிறது. நள்ளிரவில் வரும் கொள்ளைக்காரன், அதாவது அரைவை ஆலை, திண்ணையையே பெயர்த்து எடுத்துப் போகிறான்; ஆனால் அங்கே கிடந்தது வெறும் பாய்தான். மறுநாள் சமையற்காரி அரிசி களையும் தண்ணீரோடு வந்து கதவைத் தட்டுகிறாள். பச்சரிசி வீட்டில் மிஞ்சியிருந்த ஓரிருவரும் அவளோடு கிளம்பிப் போய்விடுகிறார்கள், புழுங்கல் வீட்டிலோ தாழ் அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையைப் பார்த்தால், ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம், அதே ஆலையில் தீட்டிய புழுங்கல் அரிசியில் 0.21 என்று இருக்கிறது. மூன்று மடங்குக்கும் மேலான இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது தண்ணீரும் நெருப்பும் மட்டுமே என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆனந்தம் மேலிடுகிறது.

சரித்திரத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து மனிதரைக் கொல்லும் பெரிபெரி நோய், சயாம் நாட்டு வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே பரவலாக இருக்க, புழுங்கல் உண்ட தமிழரிடையே அரிதாக இருந்ததை மலாயா வைத்தியர்கள் கவனித்தார்கள். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச்செய்து, ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு புறமும் இரட்டைப்படை எண்காரர்களை மறு புறமும் தங்கவைத்து, ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலும் கொடுத்தார். பச்சரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். சிங்கப்பூர் மனநோய் மருத்துவமனையிலிருந்து கில்மோர் எல்லிஸ் 1909இல் பச்சரிசியையே காரணமாகக் காட்டி எழுதினார். மருத்துவ ஆய்வாளர்களான ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களைக் கொண்டு இதை மேலும் உறுதிசெய்தார்கள். நோபல் பரிசு, ஜாவாவில் கோழிகளை வைத்து ஆராய்ந்த எய்க்மனுக்கு 1929இல் கிடைத்தது. பரிசோதனைக்குள்ளான அந்தக் கோலாலம்பூர் நோயாளிகளிடம் எவரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இந்த நோய் ஏழையையே தேடிப் பிடித்ததற்குத் தேகத்தின் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக்கும் வேலைக்குத் தயமின் இன்றியமையாதது. ஆகையால் எவ்வளவு சோறு உண்கிறோமோ அவ்வளவுக்குத் தயமின் தேவையும் ஏறுகிறது. உடலில் சேமிப்பாக இருப்பது சுமார் 30 மில்லிகிராம்; வரவு நின்றால் சில வாரங்களில் அது தீர்ந்துவிடும். பருப்பும் மீனும் பன்றியிறைச்சியும் கலந்து உண்பவன் வெள்ளை அரிசி உண்டாலும் தப்பித்துக்கொள்வான். காய்கறிக்குக் காசில்லாமல் வெள்ளைச் சோற்றாலேயே வயிற்றை நிரப்பி, வெயிலில் மண் சுமப்பவனுக்கு ஒவ்வொரு கவளமும் கடனை ஏற்றுகிறது. பசியாறிய வயிற்றோடு ஒருவன் சத்தின்மையால் சாகக்கூடும் என்பதை, பட்டினி ஒன்றையே பஞ்சமென்று எண்ணும் நாம் எளிதில் நம்புவதில்லை.

இதைவிடக் கொடியது கைக்குழந்தையின் கதை. தாய் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருப்பாள். அவளுடைய பாலில் மட்டும் தயமின் குறைந்திருக்கும். சில மாதமே ஆன சிசு திடீரென்று பால் குடிக்க மறுக்கும், மூச்சுத் திணறும். அழுகைக்காக வாய் திறக்கும், குரல் கம்மிச் சத்தம் எழும்பாது. தக்க சமயத்தில் தயமின் ஊசி போட்டால் சில மணி நேரங்களிலேயே குழந்தை தெளிந்துவிடும். போடாவிட்டால் அன்றைக்கே இறந்தும் போகலாம். ஜப்பானியர் ஆட்சியின் பிற்பகுதியில் சிங்கப்பூர்ச் சிசுக்களைத் தாக்கிய இந்த நோயைப் பற்றி டாக்டர் ஜி. ஹரிதாஸ் 1947இல் விரிவாக எழுதினார். அந்த நாட்களில் அரிசி அருகிப்போய், அதன் இடத்தை மரவள்ளிக்கிழங்கு பிடித்திருந்தது. வயிற்றை அடைக்க அது போதும், தயமினுக்கோ அது உதவாது.

இதையெல்லாம் படித்ததும், முன்னோர் வைட்டமின் சாஸ்திரத்தை அறிந்தே நெல்லை அவித்தார்கள் என்று எவரேனும் சொல்லக் கிளம்புவார்கள். ஆனால் அவித்த நெல் குத்தும்போது அதிகம் நொய்யாவதில்லை, எளிதில் பூச்சி அரிப்பதில்லை. பழக்கம் நிலைபெற அந்தச் சௌகரியங்களே போதுமானவை. இந்தியர் என்பதாலும் எவருக்கும் பாதுகாப்பு வந்துவிடவில்லை: விசாகப்பட்டினம் முதல் தெற்கே நீண்ட ஆந்திரக் கடற்கரையில் பச்சரிசி உண்ட மக்களிடையே பெரிபெரி இருந்ததை ஆய்வாளர்கள் மக்காரிசனும் நாரிஸும் 1924இல் எடுத்துக்காட்டினார்கள். புழுங்கல் உண்ட தமிழனும் முழு நலத்தோடு வாழ்ந்தான் என்பதில்லை. பெரிபெரியிலிருந்து தப்பியவர்களை ரப்பர்த் தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தசோகையும் வாட்டின. இரும்புச்சத்துக்கும் வைட்டமின் ஏ-க்கும் புழுங்கல் அரிசி வழி செய்யாது.

அதிசய அரிசி என்று இன்று விளம்பரம் பெறும் செறிவூட்டப்பட்ட அரிசியையும் இதே நிதானத்தோடு பார்க்கவேண்டும். நூறு மணிக்கு ஒன்றாகச் செயற்கை மணியைக் கலந்து இந்திய ரேஷன் கடைகளில் அது வழங்கப்பட்டுவந்தது. கட்டாயமாகச் சேர்க்கப்படுபவை இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகிய மூன்று. தயமின் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதைச் சேர்த்துவிட்டதனாலேயே பருப்பையும் முட்டையையும் கீரையையும் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் ஆட்சேபம்.

சிராங்கூன் சாலையிலும் ஜாலான் புசாரிலும் ஞாயிறன்று நிறையும் தொழிலாளர்களில் பலருக்கு வாரநாட்களில் தம் உணவைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. கேட்டரிங்காரர் விடியுமுன் கட்டிய பொட்டலத்தை வேலைத்தளத்துக்கு எடுத்துப்போய், நண்பகலில் பிரிக்கிறார்கள். பெருங்குவியலாகச் சோறு, மெல்லிய குழம்பு, சிறிது காய். சில நாட்களில் குழம்பு புளித்திருக்கும், அன்று வெறும் சோற்றையே உண்பார்கள். இவர்களிடம் கூட்டம் போட்டுச் சரிவிகித உணவைப் பற்றி உபதேசம் செய்வதால் பயனில்லை, ஏனெனில் பொட்டலத்தின் உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பது மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளும் சாப்பாட்டுக் கட்டணம். புகார் வரும்போதெல்லாம் இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்பதே ஒப்பந்தக்காரருக்கு மலிவான பரிகாரம். அந்த ஒரு கரண்டி, வெள்ளை அரிசிச் சோறாகவே, பருப்போ முட்டையோ கூடாமல் வருகிற வரையில், உண்பவனுடைய தயமின் தேவையைத்தான் ஏற்றிவிடுகிறது.