விளிம்பிலிருந்து மையத்துக்கு

பேனாவைப் பிடித்தால் மட்டும் என் விரல்கள் முறுக்கிக்கொள்ளும். சட்டைப் பொத்தான் போட ஒண்ணும் ஆகாது. 'எல்லாம் மனசுதாம்ப்பா' என்றார்கள். இல்லை, இது ரைட்டர்ஸ் கிராம்ப்: மூளையின் இயக்க வலைப்பின்னலில் நேரும் பிசகு. முன்கைத் தசையில் போட்டுலினம் நஞ்சைத் துளியளவு ஏற்றுகிறார்கள். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளிப்படுவதை அது தடுக்க, தசை தளர்கிறது. விஷயம் இதோடு முடிவதில்லை. தசைக்குள்ளிருக்கும் நீட்சி உணரிகளும் தளர்வதால் மூளைக்குப் போகும் சேதியே மாறுகிறது. 1998இல் வெளியான ஆய்வொன்றில், இந்நோயாளிகளின் மூளைப்புறணியில் இடம்பெயர்ந்து கிடந்த கைத்தசை வரைபடம் ஊசிக்குப் பின் வழக்கமான இடம் நோக்கித் திரும்பியது. வீரியம் குறைந்ததும் பழையபடி விலகிப்போனது. மையம் ஆணையிடும், விளிம்பு கீழ்ப்படியும் என்று நாம் பேசிவந்த கணக்கு இங்கே செல்லாது. எனக்கு மூன்று மாதத்துக்கொரு ஊசி. நாலாவது போட்டாச்சு, கையெழுத்து இன்னும் கொஞ்சம் கோணல்தான்.