டேப் சுற்றிய ஒயர்

2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் இன்னும் ஓடுகின்றன. மோட்டார் உழைக்கிறது, ஒயர்தான் தளர்ந்துவிட்டது. ப்ளக்கின் கழுத்தில் மடங்கி மடங்கி மேலுறை வெடித்து, செம்பு தெரிகிறது. எலி கடித்தது தனிக்கணக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், கறுப்பு டேப் நாலு சுற்று.

டேப் சூட்டில் இளகும், ஈரத்தில் பசை விடும். அதன் அடியில் பாதி இழைகள் அறுந்திருந்தால், மிச்ச இழைகளே முழுக் கரண்டையும் சுமந்து சூடேறி உறையைக் கருக்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதில் நூறில் ஒரு பங்கு உடலில் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. மாட்டுக் கொட்டகையின் ஈரத்தரையில் கிடக்கும் புல் நறுக்கும் மோட்டாரின் ஒயரைக் கேட்கவே வேண்டாம்.

முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. சில வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கும், ஒயரில் கரண்ட் நிற்கும். ப்ளக் அருகே சேதமென்றால் அந்தத் துண்டை வெட்டி எறிந்து புது ப்ளக் மாட்டலாம். பச்சை அல்லது பச்சை-மஞ்சள் கம்பி பெரிய பின்னுக்கு. சிவப்பு அல்லது பழுப்பு ஃபேஸுக்கு. கறுப்பு அல்லது நீலம் நியூட்ரலுக்கு. எர்த் கம்பியைச் சற்று நீளமாக விடுங்கள். ஒயரை யாராவது இழுத்தால் அது கடைசியாகக் கழலட்டும். நடுவில் சேதமென்றால் ஒட்டுப்போடாமல், அதே தடிமனில் முழு ஒயரையும் மாற்றுங்கள். இஸ்திரிப் பெட்டிக்கு நூல் சுற்றிய ஒயர்தான் வேண்டும். இரண்டு ஓட்டை சாக்கெட்டில் செருகுவதற்காக எர்த் பின்னை உடைப்பவர்களுக்கு மன்னிப்பே கிடையாது.

பல்பு, ஃபியூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை நாமே மாற்றிக்கொள்ள மின் பாதுகாப்பு விதிகள் இடம் தருகின்றன. சுவருக்குள் போகும் வயரிங்கை உரிமம் பெற்றவர்தான் தொட வேண்டும். தெருக்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை 94987 94987-இல் அழையுங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஒயரை விற்பதே சட்டமீறல். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கருவியை நாமே பிரிக்காமல் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோக வேண்டும். அவர்கள் கைவிரித்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில் கட்டாயம் கையில் இருக்கட்டும், "பில் வேணுமா?" என்று கேட்கும் கடையில் வேண்டும் என்றே சொல்லுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்கிவிட்டு 108-ஐ அழையுங்கள். 30 மில்லி ஆம்பியர் தரைக்குக் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி மெயின் போர்டில் இருந்தால் பெரும்பாலும் அந்த நிலை வராது. வீடு கட்டுபவர்கள் டைல்ஸ் பார்க்கப் போகுமுன் எலக்ட்ரீஷியனிடம் இதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.